எண்ணுக்கு இரண்டு உருவங்கள்

அரூர்க் கூட்டுறவு விற்பனைச் சங்கத்து ஏலத்தில், சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து மூட்டை மூட்டையாக வந்திறங்கும் மஞ்சளுக்கு விலை படிந்து, எடையும் போட்டு முடிந்தபின், ஒன்பது பத்து மாதம் மண்ணோடு மன்றாடிய குடியானவருக்கு அவ்வளவு பாட்டுக்கும் பிரதியாகக் கிடைப்பது ஒரு தொகை. அது எத்தனை என்பதைப் பிறர் தயவின்றித் தாமே படித்தறிய அவருக்குப் பூரண உரிமை உண்டு. உதாரணமாக, குவிண்டால் 12,345 ரூபாய் 50 காசு வீதம் 18.75 குவிண்டாலுக்குக் கணக்கிட்டால், இயந்திரத்துக்குள் விளைவது 231478125 என்ற புள்ளியும் இடைவெளியுமற்ற இலக்க வரிசையாக இருக்கலாம். அவர் சீட்டில் காண வேண்டியதோ 2,31,478.13. கணக்கிடுவதற்குரிய எண் வேறு, காட்டுவதற்குரிய எண் வேறு என்ற இந்தச் சிறிய உண்மையை, அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒழுங்காகப் பேணிவரும் கணினி மொழி ஒன்று உண்டு. அதன் பெயர் கோபோல்.

வர்த்தகக் கணக்குகளுக்கென்றே பிரத்தியேகமாக ஒரு பொது மொழி வேண்டும் என்று 1959 மே மாதம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பென்டகனில் கூடியவர்கள் நிச்சயித்ததன் பயனாக, கிரேஸ் ஹாப்பர் அம்மையாரின் ஃப்ளோமேட்டிக் மொழியைப் பெரிதும் முன்மாதிரியாகக் கொண்டு, 1960-இல் இது உருப்பெற்றது. நம் நாட்டில் அணாக் கணக்கு விடைபெற்று, நூறு நயா பைசா கொண்ட ரூபாய் 1957 ஏப்ரல் 1 அன்று வழக்குக்கு வந்து, சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது.

கணக்கிடும் எண்

கோபோலில் ஒவ்வொரு விவரத்துக்கும் ஃபீல்டு எனப்படும் ஒரு புலத்தை ஒதுக்கி, அதன் வடிவத்தைப் பிக்சர், அதாவது படம், என்ற வாசகத்தால் முன்கூட்டியே வரைந்து காட்ட வேண்டும். படத்தில் ஒரு 9 என்பது ஓர் இலக்கத்துக்குரிய ஸ்தானம்; ‘வி’ என்ற எழுத்து தசமப் புள்ளி எங்கே இருப்பதாகப் பாவிக்க வேண்டும் என்பதை மட்டும் உணர்த்தி, தனக்கென்று இடம் எதையும் எடுத்துக்கொள்ளாது; முன்னால் நிற்கும் ‘எஸ்’ அந்த எண்ணுக்குக் கூட்டல் கழித்தல் குறி உண்டு என்று அறிவிக்கும். ஆகவே எஸ், ஏழு 9, வி, இரண்டு 9 என்று எழுதினால், ஒரு கோடிக்கு ஒரு காசு குறைவு வரையிலான தொகைகள் அதில் அடங்கும்.

வேறு வகை குறிப்பிடாவிட்டால் அந்தப் புலம் டிஸ்ப்ளே என்னும் வகையைச் சார்ந்து, ஓர் இலக்கத்துக்கு ஒரு பைட்டாக ஒன்பது பைட்டுகளை எடுத்துக்கொள்ளும். காம்ப்-3 என்ற நெருக்கிய வகையிலோ ஒரு பைட்டுக்குள் இரண்டு இலக்கங்கள் அமர, கடைசி அரைப் பைட்டில் குறி நிற்க, அதே தொகை ஐந்து பைட்டுகளில் அடங்கிவிடும். இவ்விரு வகைகளிலும் எண் தசம இலக்கங்களாகவே வைக்கப்படுவதால், இருமக் கணிதத்தில் முடிவின்றி நீளும் பத்துக் காசு போன்ற பின்னங்கள் இங்கே பிசகின்றி நிற்கின்றன. பணக்கணக்குக்கு இம்மொழி இசைவானது என்பதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

காட்டும் எண்

டிஸ்ப்ளே என்ற பெயரை நம்பி அந்தப் புலத்தை அப்படியே காகிதத்தில் இறக்கிவிடலாகாது. ஐ.பி.எம். பேரியந்திரங்களில் குறி கடைசி இலக்கத்தோடு ஒட்டி வைக்கப்படுவதால், கழித்தல் 123 என்ற எண் இருக்கும் கோப்பை எழுத்துகளாகத் திறந்து பார்ப்பவருக்கு 12-ஐ அடுத்து ‘எல்’ என்ற ஆங்கில எழுத்தே தென்படும். ஆதலால், அச்சுக்கென்று வேறொரு புலம் வகுத்து, எண்ணை அதற்கு மாற்ற வேண்டும். அப்புலத்தின் படத்தில் 9-க்குப் பதில் ‘இசட்’ என்று எழுதினால் முன்னால் நிற்கும் வெற்றுச் சுழியங்கள் மறையும், நட்சத்திரம் இட்டால் அவ்விடங்களை நட்சத்திரங்கள் நிரப்ப, காசோலைத் தொகைக்கு முன்னால் பிறர் ஓர் இலக்கத்தைச் செருக வழியிராது, ‘சி.ஆர்.’, ‘டி.பி.’ என்ற குறிகள் தொகை சுழியத்துக்குக் கீழே இறங்கும்போது மட்டும் வெளிப்பட்டு, மற்ற வேளைகளில் வெற்றிடமாக நிற்கும்.

நமக்கு விசேஷமாக உவப்பளிப்பது காற்புள்ளி. மேல்நாட்டார் மூன்று மூன்றாகப் பிரிப்பதை மொழியின் விதியாக்கிவிடாமல், புள்ளி விழும் இடத்தைப் படம் வரைபவரிடமே விட்டிருப்பதால், இரண்டு இசட், காற்புள்ளி, இரண்டு இசட், காற்புள்ளி, இரண்டு இசட், ஒரு 9, தசமப் புள்ளி, இரண்டு 9 என்று வரைந்த மாத்திரத்தில், நம்முடைய ஆயிரமும் இலட்சமும் தத்தம் இடத்தில் வந்து அமர்கின்றன. 450 ரூபாய் போன்ற சிறு தொகைக்கு அந்தக் காற்புள்ளிகளும் தாமே மறைகின்றன. இவ்வாறு அலங்கரிக்கப்பட்ட புலம் கணக்கின் விடையை ஏற்கலாம். ஆனால் வேறோர் எண்ணோடு கூட்டவோ பெருக்கவோ அதைப் பயன்படுத்த இயலாது.

இடம் போதாதபோது

படம் பிசகினால் பணம் பிசகும். ரவுண்டட் என்ற ஒரு சொல் விடுபட்டால், மேற்சொன்ன 231478.125 பதின்மூன்று காசில் முடியாமல் பன்னிரண்டில் நின்றுவிடும். அதனினும் கொடியது, ஐந்து ஸ்தானங்களே உள்ள புலத்துக்கு 231478-ஐ மாற்றுவது: இடது ஓரத்து 2 ஓசையின்றி அறுந்து, 31,478 மட்டுமே மிஞ்ச, இரண்டு இலட்சம் மாயமாகிவிடும். கணித வினைகளில் ‘ஆன் சைஸ் எரர்’ என்ற வாசகம் இத்தகைய விபத்தைத் தடுத்து எச்சரிக்கும். இடமாற்றும் ‘மூவ்’ கட்டளைக்கு அந்தக் காவலும் கிடையாது.

ஆண்டுக்கு இரண்டே இலக்கம் ஒதுக்கியிருந்த பழைய நிரல்களில் 99-ஐ அடுத்து 00 வந்துவிடும் என்ற அச்சம் 1990-களின் பிற்பகுதியில் உலகத்து வங்கிகளைப் பற்றிக்கொண்டதும், அதைச் சீர்செய்யச் சென்னையிலும் பெங்களூரிலும் இளைஞர் பலர் கோபோல் பயின்றதும், இந்தப் படத்தின் அகலம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குச் சரித்திர சாட்சியம்.

எனவே நிரல் எழுதக் கற்கும் நம் பிள்ளைகள், விடை சரியாக வந்ததோடு வேலை தீர்ந்தது என்று எண்ணாமல், வரக்கூடிய மிகப் பெரிய தொகையையும் மிகச் சிறிய தொகையையும் போட்டுப் பார்த்து, இரண்டும் சீட்டில் எப்படி விழுகின்றன என்று கண்ணால் காண்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். மூட்டைகளை இறக்கிவிட்டு நிற்பவர் அந்தச் சீட்டை வாங்கி, இரண்டு இலட்சத்து முப்பத்தோராயிரத்து நானூற்று எழுபத்தெட்டு என்று தடங்கலின்றி வாய்விட்டுப் படிக்கும்போதுதான் அந்தக் கணக்கு முடிகிறது.