கைக்கு அடக்கமானவை – 14: ஒற்றை பேட்டரி டார்ச்

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தது. டெல்டா மாவட்டங்களில் மின்கம்பங்கள் கொத்துக்கொத்தாகச் சாய்ந்தன; பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. செல்போன் விளக்கை நம்பியிருந்தவர்கள் ஜெனரேட்டர் ஓடும் இடத்தைத் தேடி நடந்தார்கள். சார்ஜ் ஏற்றும் டார்ச் வைத்திருந்தவர்கள் பாடும் அதேதான். சுவர்க் கடிகாரத்திலிருந்து பேட்டரியைக் கழற்றிப் போட்டால் எரிகிற டார்ச்சுக்கு இந்த அலைச்சல் கிடையாது.

அதனால் சின்ன டார்ச் வாங்கக் கடைக்குப் போகிறவர் பேட்டரியை முதலில் முடிவு செய்துகொண்டு போவது நல்லது. பெட்டிக்கடை வரைக்கும் கிடைப்பவை இரண்டு. ஒன்று, பென்சில் பேட்டரி என்று கேட்டு வாங்கும் டபுள் ஏ, 14.5 மில்லிமீட்டர் தடிமன், 50.5 மில்லிமீட்டர் நீளம். மற்றொன்று அதைவிட ஒல்லியான டிரிபிள் ஏ, தடிமன் 10.5 மில்லிமீட்டர்தான். நீளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. உள்ளே அடங்கும் மின்சாரத்திலோ ஒல்லி, பாதியைக்கூடத் தொடாது. சட்டைப் பையில் பேனா மாதிரிச் செருகிக்கொள்ள டிரிபிள் ஏ வசதி. வீட்டுக்கு ஒன்று என்றால் டபுள் ஏ.

எத்தனை பேட்டரி? இங்கேதான் விஷயம் இருக்கிறது. பழைய குண்டு பல்பு டார்ச் இரண்டு பேட்டரியில் நிம்மதியாக எரிந்தது. 1984இல் அமெரிக்காவில் வந்த மினி மாக்லைட்டும் இரண்டு டபுள் ஏ பேட்டரிதான். பல்பு போய்விட்டால் மாற்ற, அடிமூடிக்குள் இன்னொரு பல்பு வைத்திருந்தார்கள். வெள்ளை எல்.இ.டி. வந்ததும் கணக்கு மாறியது. அது எரிய ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். ஒரு பேட்டரி தருவதோ 1.5. குறுக்குவழியாக, ஒரு பிளாஸ்டிக் கூட்டில் மூன்று டிரிபிள் ஏவை அடைத்து, முகப்பில் ஒன்பது எல்.இ.டி. பதித்த மலிவு டார்ச்சுகள் சந்தையை நிறைத்தன. உள்ளே கட்டுப்படுத்தும் சர்க்யூட் எதுவும் கிடையாது. போட்ட புதிதில் பளிச். பிறகு ஒவ்வொரு இரவும் கொஞ்சம் மங்கல்.

வேறு வழி இருக்கிறது என்பதை 1999 நவம்பரில் ‘எவ்ரிடே பிராக்டிகல் எலக்ட்ரானிக்ஸ்’ என்ற பிரிட்டிஷ் இதழில் கபார்னிக் என்ற வாசகர் காட்டினார். ஒரு டிரான்சிஸ்டர், ஒரு ரெசிஸ்டர், ஃபெரைட் வளையத்தில் சுற்றிய கம்பி, அவ்வளவுதான். சுருளில் மின்சாரத்தை ஏற்றி, சட்டென்று நிறுத்தினால் மின்னழுத்தம் எகிறும். நொடிக்குப் பல்லாயிரம் முறை இப்படி நடப்பதால் கண்ணுக்கு எல்.இ.டி. தொடர்ந்து எரிவதாகவே தெரியும். கடிகாரம் கைவிட்ட பேட்டரியில்கூட எல்.இ.டி. எரிந்தது. இன்று நல்ல ஒற்றை பேட்டரி டார்ச் எல்லாவற்றிலும் இதன் மேம்பட்ட வடிவம் ஒரு நாணய அளவுப் பலகையில் உட்கார்ந்திருக்கிறது.

ஒற்றை பேட்டரிக்கு இன்னொரு சாதகம் உண்டு. மூன்றை வரிசையாக அடுக்கும்போது ஒன்று முதலில் தீர்ந்துவிட்டால், மற்ற இரண்டும் அதன் வழியே மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். செத்த பேட்டரி ஒழுகுவது பெரும்பாலும் அப்போதுதான். பழையதும் புதியதுமாகக் கலந்து போடும் நம் வழக்கம் இதற்கு நன்றாகவே ஒத்தாசை செய்கிறது.

அடுத்தது, அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் லூமன், அதாவது வெளிச்சத்தின் அளவு. சார்ஜ் செய்யக்கூடிய டபுள் ஏ நிக்கல் பேட்டரி 2000 மில்லி ஆம்பியர்-மணி, 1.2 வோல்ட்டால் பெருக்கினால் 2.4 வாட்-மணி. ஒரு வாட்டுக்கு 100 லூமன் என்று வைத்துக்கொண்டால், 100 லூமனில் இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல்; 10 லூமனில் ஒரு நாள் முழுக்க. இதே பேட்டரியில் 1000 லூமன் என்று ஒரு பெட்டி சொன்னால் சிரித்துவிட்டு நகரலாம். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து போக 5 லூமன் தாராளம். தெருவில் நாய் நிற்கிறதா என்று பார்க்க 50 லூமனுக்கு மேல் வேண்டும். ஆகவே மிகக் குறைந்த வெளிச்சத்துக்கு ஒரு நிலை இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது, உச்ச லூமனைப் பார்த்து வாங்குவதைவிடப் புத்திசாலித்தனம்.

டார்ச்சுகளுக்கென அமெரிக்காவில் 2009இல் வந்த எஃப்.எல்.1 தரநிலை கொஞ்சம் ஒழுங்கைக் கொண்டுவந்தது. அந்தக் குறி உள்ள பெட்டியையும் கவனித்தே படிக்க வேண்டும். எரியும் நேரம் என்பது வெளிச்சம் தொடக்க அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையிலான நேரம். முதல் மூன்று நிமிடம் 300 லூமன் காட்டிவிட்டு 50க்கு இறங்கும் டார்ச்சும் ‘300 லூமன், இத்தனை மணி நேரம்’ என்று அச்சிட்டுக்கொள்ளலாம். ஒளி பாயும் தூரமும் அப்படித்தான்: கடைசி மீட்டரில் விழுவது கால் லக்ஸ், அதாவது முழு நிலவு வெளிச்சம். அந்தத் தூரத்தில் ஆள் நிற்பது தெரியும், யாரென்று தெரியாது.

பேட்டரி உறையில் ‘ஹெவி டியூட்டி’ என்று இருந்தால் ஏமாற வேண்டாம். அது துத்தநாக-கார்பன் வகை, கூட்டத்திலேயே பலம் குறைந்தது. கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் போதும், அவசரத்துக்கு டார்ச்சிலும் எரியும். ஆல்கலைன் அதைவிட நெடுநேரம் வரும். ஆனால் ஆண்டுக்கணக்கில் உள்ளேயே கிடந்தால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசிந்து ஸ்பிரிங்கை அரிக்கும். தினமும் எரிப்பவருக்குச் சார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரி. 2005இல் சான்யோ ‘எனலூப்’பைக் கொண்டுவந்த பிறகு, சும்மா கிடந்தே தீர்ந்துபோகும் பழைய குறை பெருமளவு போய்விட்டது. புயலுக்கென்று அலமாரியில் எடுத்துவைப்பவருக்கு 1.5 வோல்ட் லித்தியம்: விலை அதிகம், எடை குறைவு, எளிதில் ஒழுகாது.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. 14500 என்று எழுதிய லித்தியம்-அயான் பேட்டரி பார்ப்பதற்கு டபுள் ஏ போலவே இருக்கும், அதே குழாய்க்குள் நுழையும். முழு சார்ஜில் அது 4.2 வோல்ட். டார்ச்சின் குறிப்பில் அதற்கு அனுமதி இல்லையென்றால் சர்க்யூட் கருகிவிடலாம். அதைத் தவறிப்போய் சுவர்க் கடிகாரத்தில் போட்டால் கடிகாரத்துக்கும் அதே கதிதான்.

(தொடரும்)