பற்றரி மேல் பழி போடுமுன்

பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். ஒருநாள் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "பற்றரி போயித்து, சாச்சா. கரண்ட் போனா உடனே இதுவும் அணையுது."

வெறுமையான பற்றரியும் செத்த பற்றரியும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். சார்ஜ் போய்ச் சேராத பற்றரி எப்படி உழைக்கும்? ஆகவே புதிதாக ஒன்று வாங்குமுன், சுவரிலிருந்து பற்றரி வரை மின்சாரம் வரும் வழியை ஒவ்வொரு படியாகப் பார்க்க வேண்டும்.

முதற்படி சொக்கட். அதே சொக்கட்டில் போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். அது வேலை செய்தால், அடுத்தது லெப்டொப் சார்ஜரின் கறுப்புப் பெட்டி. நம் வீட்டு 230 வோல்ட்டை அது 19 வோல்ட் அளவுக்கு இறக்கித் தருகிறது. பெட்டியில் ஒட்டிய தாளில் 19 வோல்ட், 3.42 அம்பியர் என்றிருந்தால், இரண்டையும் பெருக்க வரும் 65 வொற்தான் அதன் வலு. மாற்றுச் சார்ஜர் வாங்கும்போது வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். அம்பியர் குறையக் கூடாது, கூடினால் பாதகமில்லை. சில சார்ஜர்களின் முனை நடுவில் மெல்லிய ஊசி ஒன்று உண்டு. அதன் வழியாகத்தான் லெப்டொப் தன் சார்ஜரை அடையாளம் காண்கிறது. அந்த ஊசி வளைந்தாலோ அதன் வயர் அறுந்தாலோ, லெப்டொப் ஓடும். பற்றரியில் சார்ஜ் ஏறாது.

அடுத்த படி, சார்ஜர் செருகும் துவாரம். பிள்ளையின் லெப்டொப்பில் அங்கே டோர்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளேயிருந்த தகட்டில் பச்சை படிந்திருந்தது. கடற்காற்றின் உப்பும் ஈரமும் செம்புக் கலவையை அரிக்கும்போது வரும் பச்சை அது. வீட்டு ஜன்னல் கொளுக்கியை அரிக்கும் அதே காற்று இங்கும் வேலை செய்கிறது. சார்ஜரைக் கழற்றி, லெப்டொப்பை முற்றாக அணைத்து, ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து, நன்றாகக் காய விட்டுச் செருகினேன். சார்ஜ் ஏறத் தொடங்கியது. துடைத்த பிறகும் முனையை ஆட்டும்போது விளக்கு மினுங்கினால், துவாரத்தின் ஈயப்பற்று விட்டிருக்கலாம். அது கடைக்காரரின் வேலை.

லெப்டொப் உயிர் பெறவே மறுத்தால், சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பவர் பொத்தானை முப்பது விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்னேற்றம் வடிந்து, மின்சாரத்தைப் பங்கிடும் சிப் புதிதாகத் தொடங்கும்.

இத்தனைக்கும் பிறகுதான் பற்றரி மேல் சந்தேகப்படலாம். விண்டோஸ் தானே ஒரு பற்றரி அறிக்கை எழுதித் தரும். கடையில் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். அதில் இரண்டு எண்களைப் பாருங்கள்: செய்தபோது இருந்த கொள்ளளவு, இப்போது முழுதாக ஏறும் அளவு. இரண்டாவது முதலாவதில் பாதிக்கு இறங்கியிருந்தால் பற்றரி தேய்ந்துவிட்டது.

தேய்வதற்குக் காரணம் உண்டு. 1991இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயன் பற்றரியில், லித்தியம் அயன்கள் இரு மின்வாய்களுக்கு இடையே போய்வருகின்றன. போய்வரும்போது கரி மின்வாயின் மேல் ஒரு படலம் தடித்து, கொஞ்சம் கொஞ்சமாக லித்தியத்தை விழுங்குகிறது. வெக்கை அதை விரைவுபடுத்தும். நூறு வீதம் ஏறிய நிலையில் சூட்டில் கிடப்பது இன்னும் கெடுதி. மெத்தையிலும் தலையணையிலும் வைத்து வேலை செய்தால் அடியிலுள்ள காற்றுத் துவாரங்கள் அடைபடும். பலகை ஒன்றில் வையுங்கள். எண்பது வீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி பல லெப்டொப்களில் இருக்கிறது. எப்போதும் சார்ஜரிலேயே கிடக்கும் லெப்டொப்புக்கு அது மிக நல்லது.

ஒன்றில் மட்டும் பரிசோதனை வேண்டாம். தொடுபலகை மேலெழுந்தாலோ மூடி சரியாக மூடாவிட்டாலோ, உள்ளே பற்றரி வாயுவால் வீங்கியிருக்கலாம். உடனே அணைத்து, சார்ஜரைக் கழற்றுங்கள். அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். கழற்றிய பற்றரியைக் குப்பையோடும் கடற்கரையிலும் எறியாமல், கழற்றிய கடையிலேயே கொடுத்துவிடுங்கள்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைக் கண்டவர்கள் நாம். கரண்ட் இல்லாத இரவில் பிள்ளையின் பாடம் அந்தப் பற்றரியில்தான் நிற்கிறது. மாதத்துக்கு ஒருமுறை டோர்ச்சை எடுத்து சார்ஜர் செருகும் துவாரத்துக்குள் பாருங்கள்.