ரப்பர் பாலுக்குள் ஒரு சங்கிலி

தஞ்சோங் ரம்புத்தான் வட்டாரத்தில் உங்கள் பாட்டன் பாட்டி ரப்பர் மரம் சீவியிருக்கலாம். அவர்கள் வாளியில் சேர்த்த பாலில் ரப்பரோடு புரதங்களும் இருந்தன. அவற்றுள் ஒன்று ஹெவீன்.

43 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி இது. நீட்டிக் கிடக்காமல் மடிந்திருக்கும். அதனால் வரிசையில் தள்ளியிருப்பவையும் பக்கத்தில் வந்துவிடும். 3ஆவது சிஸ்டீனும் 18ஆவது சிஸ்டீனும் தங்கள் கந்தக அணுக்களால் பிணைந்திருக்கின்றன. இப்படி நான்கு பிணைப்புகள் ஹெவீனின் வடிவத்தை இறுக்கிப் பிடிக்கின்றன.

எது எதைத் தொடுகிறது என்று எப்படி அறிவது? புரதத் தரவு வங்கியில் ஒவ்வோர் அணுவுக்கும் மூன்று ஆயத்தொலைவுகள் உண்டு. நீங்கள் படித்த பைதாகரஸ் தேற்றமே தூரத்தைத் தந்துவிடும். இரண்டு அமினோ அமிலங்களின் மையக் கார்பன்கள் ஏறக்குறைய 0.8 நானோமீட்டருக்குள் இருந்தால், அதைத் தொடர்பு என்று குறிப்பது வழக்கம். ஹெவீனில் பார்க்க வேண்டியவை 903 இணைகள். கணினிக்கு இது நொடிப் பொழுது வேலை.

அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கவும் முடியாது. இதைக் கொண்டே சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம் என்று 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரன் குழுவினர் காட்டினர்.

இதனால் என்ன பயன்? ஹெவீன், பூஞ்சைகளின் சுவரிலுள்ள கைட்டினைப் பற்றிக்கொண்டு அவற்றின் வளர்ச்சியைத் தடுக்கிறது. ஆனால், ரப்பர் கையுறை அணியும் தாதியர் சிலருக்கு ஒவ்வாமை தருவதும் அதே ஹெவீன்தான். எந்தப் பகுதி எதைத் தொடுகிறது என்று தெரிந்தால்தான் அதைத் தடுக்கும் வழியைத் தேட முடியும்.

903 எப்படி வந்தது? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்!