குடிநோயாளரும் மருத்துவப் பயிற்சியும்

திருக்குறளிற் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையே சூது என்னும் ஓரதிகாரமே உண்டு. மருந்ததிகாரத்தின் ஈற்றுக்குறள் நோயாளி, மருத்துவன், மருந்து என்பவற்றோடு அருகிருந்து பேணுவோனையும் மருத்துவத்தின் உறுப்பாக எண்ணுகின்றது. குடிநோயிற் பெரிதும் பயிற்சி வேண்டிநிற்பது இந்நான்காம் உறுப்பேயாம்.

தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் உளமருத்துவப் பிரிவு உண்டு. ஆயினும், குடிநோயாளர் யாவரும் அப்பிரிவையே நாடி வருவாரல்லர். துவிச்சக்கரவண்டியால் விழுந்து காலொடிந்தவராகவோ வயிற்றுநோவினராகவோ பிற விடுதிகளிற் சேர்வாரும் உளர். நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவருக்குக் குடி திடீரென நின்றுவிடின், முதல் நாளிலேயே கைந்நடுக்கமும் வியர்வையும் தோன்றலாம். வலிப்பு வருவதாயின் பெரும்பாலும் இரண்டு நாள்களுள் வரும். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள்வரை அறிவு மயங்கி, இல்லாத பாம்பையும் பூச்சியையும் கண்டு சிலர் அலறுவர். இது பேயுமன்று, பிடிவாதமுமன்று. உரிய காலத்தில் அறியாவிடின் உயிர்கொள்ளும் நோய். அறிந்தால், டயசிபாம் முதலிய மருந்துகளால் தணிக்கலாம். உணவின்றி மெலிந்தவருக்குக் குளுக்கோசு ஏற்றுங்கால் தயமின் என்னும் உயிர்ச்சத்தையும் மறவாது கொடுத்தல் வேண்டும். இன்றேல் மூளை பழுதுறலுங்கூடும்.

இவையெல்லாம் ஒரு வினாவிலேயே தொடங்குகின்றன: “கடைசியாக எப்போது குடித்தீர்கள்?” மருந்தின் அளவை நூலிற் கற்கலாம், இவ்வினாவைக் கேட்கும் முறையை அவ்வாறு கற்றல் அரிது. மனைவியும் ஊரவரும் சூழ்ந்து நிற்க, “நீர் குடிகாரரோ?” என்றால் எவர்தாம் ஆமென்பர்? உலக சுகாதார நிறுவனம் வகுத்த சோதனையில் 10 வினாக்கள் உள. 40 புள்ளிகளில் 8 பெற்றாலே தீங்கான குடியென ஐயுறுவர். கள்ளுப்போத்தலையும் சாராயப்போத்தலையும் ஒன்றெனக் கொள்வோர் கையில் அக்கணக்கும் பிழைபடும். ஆகவே, பயிலும் தாதியர் தம்முள் ஒருவரை நோயாளியாகப் பாவித்து, உறவினரை அப்பால் இருத்தி, திரையை இழுத்துவிட்டு, காய்ச்சலை வினவும் அதே குரலில் அவ்வினாவைப் பலகாற் கேட்டுப் பழகுதல் வேண்டும்.