எல்லையும் பொதுவெளியும்: யொக்கோகாமாத் துறைமேடையின் கட்டடக்கலை

துறைமுகக் கட்டடம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது ஒரு வாயிலேயாகும். வருவோர் ஒருபுறம், போவோர் மறுபுறம். அனுமதி பெற்றோர் உள்ளே, பெறாதோர் வெளியே. மனிதரை இவ்வாறு வகைபிரித்து நிறுத்தும் பணியே அத்தகைய கட்டடங்களின் வடிவத்தைப் பெரும்பாலும் நிர்ணயித்து வந்துள்ளது. அரசின் எல்லையாக விளங்கும் ஓரிடம், அதேவேளையில் மக்களின் பொதுவெளியாகவும் அமைதல் கூடுமா? இவ்வினாவுக்கு விடைதேட முயன்ற ஆக்கங்களுள் யப்பானின் யொக்கோகாமா நகரிலுள்ள ஒசன்பாசி சர்வதேசப் பிரயாணிகள் நிலையம் முதன்மையாகக் குறிப்பிடத்தக்கது.

மேலைநாட்டு வல்லரசுகளுடன் செய்துகொள்ளப்பட்ட சமத்துவமற்ற உடன்படிக்கைகளின் விளைவாக 1859ஆம் ஆண்டில் திறந்துவிடப்பட்ட துறைமுகம் யொக்கோகாமா. அங்கே 1894இல் இரும்பினாலான துறைமேடை கட்டிமுடிக்கப்பட்டது. 1964ஆம் ஆண்டின் தோக்கியோ ஒலிம்பிக் விழாவையொட்டி அதன்மீது பிரயாணிகள் நிலையமொன்று எழுந்தது. ஆனால் ஜெற் விமானத்தின் வருகையோடு கடல்வழிப் பிரயாணம் அருகி, கப்பல் ஏறுவது தேவையாக இருந்த நிலை மாறி உல்லாசமாயிற்று. கப்பல் வாராத நாட்களில் இத்தகைய கட்டடத்துக்கு என்ன பயன் என்ற கேள்வி அப்போது எழுந்தது. புதிய நிலையத்தின் வடிவத்தை விளங்கிக்கொள்வதற்கு இக்கேள்வியே திறவுகோலாகும்.

நகரசபை நடத்திய சர்வதேசப் போட்டிக்கு 660 வரைவுகள் வந்து சேர்ந்தன. இலண்டனில் இயங்கிய இளம் கட்டடக் கலைஞர்களான ஃபர்ஷித் மூசாவி, அலெகான்ரோ சயேரா போலோ ஆகிய இருவரின் வரைவு 1995இல் பரிசு பெற்றது. முன்னவர் ஈரானிலும் பின்னவர் ஸ்பெயினிலும் பிறந்தவர்கள். அவர்களது திட்டத்தின்படி எழுந்த நிலையம் 2002இல் திறக்கப்பட்டது.

கடலுக்குள் ஏறத்தாழ 430 மீற்றர் நீண்டு, 70 மீற்றர் அகன்று கிடக்கும் இக்கட்டடத்துக்கு முகப்பு என்று ஒன்றில்லை. வீதியிலிருந்து நடந்து வருபவர் தாம் எப்போது கூரைமீது ஏறினோம் என்பதை உணரமாட்டார். நிலமே மெல்ல எழுந்து, மடிந்து, கூரையாகிவிடுகிறது. பிரேசில் நாட்டு மரப்பலகைகளும் புற்றரையும் பரவிய அம்மேற்பரப்பு இரவும் பகலும் எவருக்கும் திறந்திருக்கும் பூங்காவாகும். அயலிலுள்ள கரையோரப் பூங்காவிலிருந்து கடலைக் காண்போருக்கு மறைப்பாகாதவாறு கட்டடத்தின் உயரமும் தாழ்த்தப்பட்டுள்ளது. “திமிங்கிலத்தின் முதுகு” என நகரமக்கள் அதனை அழைக்கின்றனர்.

இவ்வடிவம் வெறும் அலங்காரமன்று. தட்டையான கடதாசித்தாள் தன் பாரத்தையே தாங்காது வளையும். அதனையே பல மடிப்புகளாக மடித்தால் நிமிர்ந்து நிற்கும். அதே தத்துவப்படி உருக்குத் தகடுகள் மடிக்கப்பட்டு, நீளவாக்கில் ஓடும் பெரும் உத்திரங்களுக்கிடையே பொருத்தப்பட்டுள்ளன. மண்டபத்தினுள் தூண்கள் இல்லை. கீழ்த்தளத்தில் வாகனத் தரிப்பிடமும், நடுத்தளத்தில் சுங்கம், குடிவரவு, குடியகல்வு ஆகியவற்றுக்கான பகுதிகளும் அமைந்துள்ளன. தளங்களை இணைப்பவை பெரும்பாலும் படிகளல்ல, சாய்தளங்களே.

எல்லையைக் கையாண்ட முறையே இவற்றுள் சிறப்பாக ஆராயத்தக்கது. உள்நாட்டுப் பிரயாணிகளுக்கும் வெளிநாட்டுப் பிரயாணிகளுக்கும் இடையே நிலையான சுவர் எழுப்பப்படவில்லை. நகர்த்தக்கூடிய தடுப்புகளே திட்டமிடப்பட்டன. கப்பலின் தேவைக்கேற்ப எல்லைக்கோடு இடம்பெயரும். கப்பல் இல்லாதபோது அதே மண்டபம் மக்கள் கூடும் இடமாகும். எல்லை என்பது இயற்கையானதன்று, நிருவாகத்தின் ஏற்பாடே என்ற உண்மையை இக்கட்டடம் கண்கூடாகக் காட்டுகின்றது எனலாம்.

ஆயினும் கட்டடக்கலையின் ஆற்றலை மிகைப்படுத்துதல் தவறாகும். தடுப்பு நகரக்கூடியதாயினும் அதனை நகர்த்தும் அதிகாரம் பிரயாணியிடம் இல்லை. மேலும், உல்லாசக் கப்பற்றொழிலின் இலாபநோக்கு கப்பல்களை மேன்மேலும் பெருக்கச் செய்தது. துறைமுக வாயிலிலுள்ள பாலத்தின் கீழ் ஏறத்தாழ 55 மீற்றர் உயரமே இடைவெளியுண்டு. அதனைக் கடக்க இயலாத பெருங்கப்பல்களுக்காகப் பாலத்துக்கு வெளியே தைக்கொக்கு மேடையில் 2019இல் வேறொரு நிலையம் திறக்கப்பட்டது.

2020ஆம் ஆண்டு பெப்ரவரியில், கொறோனாத் தொற்றுக்குள்ளான ‘டயமண்ட் பிரின்சஸ்’ கப்பல் 3,711 பேருடன் நிறுத்திவைக்கப்பட்டதும் அத்தைக்கொக்கு மேடையிலேயே. பிரயாணிகள் தத்தம் அறைகளில் அடைக்கப்பட்டிருக்க, 1,000 இற்கும் மேற்பட்ட ஊழியர்களுள் பலர் அவர்களுக்கு உணவு சுமந்து தொடர்ந்து வேலை செய்தனர். அவ்வேளையில் எல்லை மீண்டும் அசையாத சுவராயிற்று. அச்சுவருக்குள்ளும் ஒரு வர்க்க எல்லை இருந்தது.

ஆகவே ஒசன்பாசியின் சாதனையை அதற்குரிய அளவில் மதிப்பிடுதல் வேண்டும். அது எல்லையை ஒழித்துவிடவில்லை. எல்லையின்மேல் மக்கள் கட்டணமின்றி நடக்க ஒரு நிலத்தை விரித்தது. அரசு தன் காவலுக்கெனக் கட்டும் ஒன்றிலிருந்து பொதுமக்களுக்குரிய பங்கைக் கேட்டுப் பெறலாம் என்பதற்கு அந்நிலம் சான்றாக நிற்கிறது. கீழ்த்தளங்களில் நடப்பதை மாற்றுவது கட்டடக் கலைஞரின் பணிமட்டுமன்று. அது சமுதாயத்தின் பணியாகும்.