பொருக்கும் அதன் பணியும்

உதைபந்தாட்டத் திடலிற் சறுக்கி வீழ்ந்த மாணாக்கனின் முழங்காலில் இரண்டொரு நாளிற் கருஞ்செந்நிறப் பொருக்கொன்று கட்டுகிறது. அதனை நகத்தாற் கிள்ளியெறியாத சிறுவன் நம் கல்லூரியில் எக்காலத்திலேனும் இருந்திருப்பானோ என்பது ஐயமே. அப்பொருக்கு யாது, அதனைப் பேணுவது எங்ஙனம் என்பதை ஈண்டு நோக்குவாம்.

தோல் கிழிந்ததும் குருதியிலுள்ள சிறுதட்டுக்கள் காயத்தின் வாயில் வந்து ஒட்டுகின்றன. குருதியிற் கரைந்துள்ள பைபிரினோசன் என்னும் புரதம் பைபிரின் என்னும் நுண்ணிழைகளாக மாறி வலைபோற் பின்னுகிறது. அவ்வலையிற் செங்குருதிக் கலங்கள் அகப்பட, சில நிமிடங்களிற் குருதி உறைகிறது. உறைந்தது காற்றில் உலர்ந்தால் அதுவே பொருக்கு. அதன் கீழே மேற்றோற் கலங்கள் விளிம்புகளிலிருந்து நடுநோக்கி ஊர்ந்து வருகின்றன. பொருக்கைப் பிய்க்குந்தோறும் அப்புதுக் கலங்களும் உடன் பிய்ந்துவிடும், தழும்பும் மிகும்.

புண்ணைக் காற்றாட விட்டு உலர்த்துக என்பது முதியோர் கூற்று. மருத்துவர் பலரும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணினர். 1962ஆம் ஆண்டில் ஜோர்ஜ் வின்ரர் என்பார், பன்றிகளின் தோலிற் செய்த காயங்களுட் சிலவற்றைப் பொலித்தீன் படலத்தால் மூடியும் சிலவற்றைத் திறந்தும் வைத்து ஆராய்ந்தார். மூடப்பட்டு ஈரமாயிருந்தவற்றில் மேற்றோல் ஏறத்தாழ இருமடங்கு விரைவில் வளர்ந்தது. உலர்ந்த பொருக்கின் அடியிற் கலங்கள் ஈரத்தைத் தேடி ஆழத்தில் வளைந்து செல்லவேண்டியிருத்தலே தாமதத்துக்குக் காரணம்.

ஆகவே சிராய்ப்பைச் சவர்க்காரமும் ஓடும் நீருங்கொண்டு கழுவி, வசிலீன் தடவி, தூய துணியால் மூடி, நாடோறும் மாற்றுதல் நன்று. பொருக்கு முன்னரே கட்டிவிட்டதாயின் தானே உதிருமட்டும் விடுக. கோப்பித்தூளும் சாம்பலும் சாணமும் அப்பும் வழக்கத்தை நாம் ஒப்புவதற்கில்லை. மண்ணிலும் சாணத்திலும் ஏற்புவலிக் கிருமியின் வித்திகள் உண்டு. ஆணி குத்திய ஆழ்புண்ணின் வாய் பொருக்கால் அடைபட்டது கண்டு மகிழவும் வேண்டா. காற்றுப் புகாத உள்ளிடமே அக்கிருமிக்கு உவப்பானது. ஏற்பூசி பற்றி வைத்தியரை உடனே வினவுக.

சிறுவரின் மூக்கு, வாய் ஓரங்களிலே தோன்றும் தேன்நிறப் பொருக்கு வேறொரு வகை. அது கிருமிகளால் விளைவது. ஒரே துவாயைப் பலர் வழங்கும் விடுதிகளில் விரைந்து பரவும். ஸ்ரெப்ரோகொக்கசு என்னுங் கிருமியால் வந்ததாயின், தோல் ஆறிச் சில வாரங்களின் பின்னும் சிறுநீரகங்கள் அழற்சியுறக்கூடும். முகம் வீங்கிச் சிறுநீர் கருஞ்சிவப்பானால் வைத்தியசாலைக்குச் செல்லத் தாமதித்தலாகாது.

பழைய மாணவருட் பலர் நீரிழிவுடையோராயிருப்பர். அவர்தம் பாதங்களில் உணர்ச்சி குன்றியிருப்பின், பொருக்கின் அடியிற் சீழ் கோத்தாலும் நோ தெரியாது. நாடோறும் உள்ளங்காலைப் பார்த்தல் வேண்டும். குனிய இயலாதார் கண்ணாடியொன்றை நிலத்தில் வைத்துப் பார்க்கலாம். பேரப்பிள்ளையை அழைத்துக் காட்டினும் அமையும்.