ஆய்வு மாணவரின் உழைப்பும் சங்க அங்கீகாரமும்: கோரல் ஆலை முதல் பல்கலைக்கழகம் வரை

முன்னுரை

திருச்செந்தூர் ஆதித்தனார் கல்லூரி முதலாக, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் இணைவு பெற்ற கல்லூரிகள் பலவற்றில் முனைவர் பட்ட ஆய்வு நிகழ்கிறது. ஆய்வாளர் பதிவேட்டில் மாணவர். ஆயினும் வகுப்பெடுத்தல், விடைத்தாள் திருத்துதல், ஆய்வகப் பணி போன்றவற்றை ஆய்வு மாணவர்கள் செய்வது உலகெங்கும் உள்ள வழக்கம். இப்பணிக்குப் பெறுவது உதவித்தொகையா, ஊதியமா என்னும் வினாவே அவர்தம் கூட்டுப்பேர உரிமையைத் தீர்மானிக்கிறது. இதனை இக்கட்டுரை விளக்குகிறது.

பதிவும் அங்கீகாரமும்

திருச்செந்தூருக்கு வடக்கே, தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் 1908 பிப்ரவரி 27 அன்று வேலைநிறுத்தம் தொடங்கினர். வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அதனை வழிநடத்தினர். ஊதிய உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிட்டின. எனினும் சங்கத்தைக் காக்கும் சட்டம் அன்று இல்லை. 1918இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் பி.பி.வாடியா மீது பின்னி நிறுவனம் தொடுத்த வழக்கு இக்குறையை வெளிப்படுத்தியது. அதன் பின்னெழுந்த கோரிக்கைகள் 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்திற்கு வழிவகுத்தன.

அச்சட்டப்படி எழுவர் இணைந்து சங்கத்தைப் பதிவு செய்ய முடிந்தது. ஆனால் அதனோடு பேசும் கடப்பாடு நிர்வாகத்திற்கு விதிக்கப்படவில்லை. பதிவு, சங்கம் உள்ளது என்பதற்குச் சான்று. அங்கீகாரம், அச்சங்கத்தோடு பேசியே ஊதியத்தை முடிவு செய்ய வேண்டும் என்னும் நிலை. 2020ஆம் ஆண்டுத் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு 51 விழுக்காட்டுத் தொழிலாளரின் ஆதரவு பெற்ற சங்கத்தைப் பேச்சுவார்த்தைக்குரியதாக ஏற்கிறது. ஆனால் அதற்கு முன் ‘தொழிலாளர்’ என்னும் வரையறைக்குள் அமைதல் வேண்டும்.

நீதிமன்றங்களின் நோக்கு

பல்கலைக்கழகம் ‘தொழில்’ ஆகாது என 1963இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் 1978இல் எழுவர் அமர்வு அக்கருத்தை மாற்றிக் கல்வி நிறுவனத்தையும் தொழிலுக்குள் அடக்கியது. ஆயினும் சுந்தராம்பாள் வழக்கில் 1988இல் ஆசிரியர் ‘தொழிலாளர்’ அல்லர் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. அதாவது, நிறுவனம் தொழில். கற்பிப்பவர் தொழிலாளர் அல்லர். ஆசிரியர்க்கே இந்நிலை எனில், மாணவராகப் பதிவு பெற்றவரின் கோரிக்கை மேலும் வலுவிழக்கிறது.

இதன் விளைவு உதவித்தொகையில் புலனாகிறது. ஆய்வாளர்களின் போராட்டங்களைத் தொடர்ந்து இளநிலை ஆய்வு உதவித்தொகை 2019இல் 25,000 ரூபாயிலிருந்து 31,000 ரூபாயாகவும், 2023இல் 37,000 ரூபாயாகவும் உயர்ந்தது. இவ்வுயர்வு அரசாணையால் வந்தது, உடன்படிக்கையால் அன்று. எனவே அடுத்த உயர்வு எப்போது என்பதைப் பெறுபவர் வரையறுக்க இயலாது. உதவித்தொகை பெறாத ஆய்வாளர்க்கு இதனால் பயனும் இல்லை.

அயல்நாட்டு அனுபவம்

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 1969இல் கற்பித்தல் உதவியாளர் சங்கத்தை ஏற்றது. தனியார் பல்கலைக்கழகங்களில் பணிபுரியும் ஆய்வு மாணவர், மாணவராக இருந்துகொண்டே பணியாளரும் ஆவர் எனக் கொலம்பியா வழக்கில் 2016இல் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் முடிவு செய்தது. ஆயினும் அங்கு முதல் ஒப்பந்தம் பத்து வார வேலைநிறுத்தத்திற்குப் பின்னரே, 2022 சனவரியில் எட்டப்பட்டது.

முடிவுரை

1908இல் கோரல் ஆலையினர் சட்டம் வருமுன்னரே ஊதிய உயர்வு பெற்றனர். கொலம்பியாவில் சட்ட ஏற்பு வந்தபின்னும் ஒப்பந்தத்திற்குப் போராட வேண்டியிருந்தது. சட்ட ஏற்பும் கூட்டு வலிமையும் ஒன்றையொன்று ஈடுசெய்வன அல்ல என்பதை இவை உணர்த்துகின்றன. ஆய்வு மாணவரின் கற்றலையும் பணியையும் தனித்தனியே வரையறுத்து, பணிக்குரியதை ஊதியமென ஏற்பதே இந்தியச் சூழலில் முதற்படியாக அமையும்.